கையால் அடித்த ஸ்க்ரூ

வெள்ளிக்கிழமை காலை, லோயர் கேம்ப் போகிற சாலையில் தன் பெயரைப் பார்த்ததும் எஸ்தர் ஸ்கூட்டரை ஓரங்கட்டினாள்.

இரண்டு தென்னைகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர். திராட்சைத் தோட்டம் செல்லப்பாண்டி வெள்ளை வேட்டியில் கைகூப்பிச் சிரித்தார். தங்கை பிள்ளைகளின் காதணி விழா, ஞாயிறு காலை, புதிய மர மண்டபத்தில். அதற்குக் கீழே கொழுத்த மஞ்சள் எழுத்து: ‘பூகம்பமே வந்து பார்த்தது! அசையவில்லை! பொறியாளர் எஸ்தர் கைவண்ணம்.’

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முந்தின நாள் பிற்பகலில் கம்பம் பள்ளத்தாக்கு லேசாகக் குலுங்கியது உண்மை. டீக்கடை கிளாஸ்கள் கிணுகிணுத்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். எவருக்கும் கீறல்கூட இல்லை. அந்தச் சின்னக் குலுக்கலைத்தான் செல்லப்பாண்டி விளம்பரமாக்கி, ராத்திரியோடு ராத்திரியாக அச்சடித்துக் கட்டிவிட்டார்.

அந்த மண்டபத்தைக் கணக்குப் போட்டு வரைந்தவள் அவள்தான். மெல்லிய பலகைகளை அடுக்கடுக்காகப் பசை வைத்து ஒட்டிய உத்திரங்கள் கொச்சியிலிருந்து குமுளி மலை இறங்கி லாரியில் வந்தன. அவற்றைத் தூண்களோடு சேர்த்துப் பிடிப்பவை இரும்புத் தகடுகளும் உள்ளங்கை நீள ஸ்க்ரூக்களும். பூமி ஆடினால் மரம் வளைந்து கொடுக்காது. மூட்டுதான் கொடுக்க வேண்டும். ஸ்க்ரூ கொஞ்சம் வளைந்து, கொஞ்சம் நிமிர்ந்து, அந்த ஆட்டத்தை விழுங்க வேண்டும். அதற்கு அதன் மரை மரத்தின் நாரைக் கடித்துப் பிடித்திருக்க வேண்டும்.

குலுங்கியபின் மூட்டுகளை ஒருமுறை பார்ப்பது முறை. அதற்காகத்தான் கிளம்பி வந்தாள். பேனரைப் பார்த்தபின் வண்டியை இன்னும் வேகமாக விரட்டினாள்.

மண்டபத்துக்குள் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மரவேலை மேஸ்திரி மாரிசெல்வம் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தான்.

“வாங்க மேடம். பேனரு பாத்தீகளா? உங்க பேரு தென்ன ஒசரத்துக்கு நிக்குது. எம்பேரு வேரடிலகூட இல்ல.”

“ஏணி எங்க? வலது வரிசைத் தூண்களைப் பார்க்கணும்.”

“என்னத்த பாக்கப் போறீக? பட்டி பாத்து பாலிஷ் போட்டாச்சு. நகத்தால கீறி விட்றாதீக.”

அவளே ஏணியை இழுத்து வந்து சாத்தினாள். மாரிசெல்வம் எழுந்திருக்கவில்லை. நாற்காலி இறக்குகிறவர்களைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏலே, யாராச்சும் ஏணியப் புடிங்கடா. இன்ஜினியரம்மா விழுந்து வச்சா அந்தக் கேஸும் நம்ம தலைலதான் எழுதுவாக.”

சிரித்தார்கள். யாரும் பிடிக்க வரவில்லை.

மேலே, தூணும் உத்திரமும் சேருமிடத்தில், ஸ்க்ரூத் தலையை மூடிய பட்டிப் பூச்சைச் சுற்றி வட்டமாக ஒரு வெடிப்பு. பக்கத்துத் தலையிலும் அதே வட்டம். அதற்கடுத்ததிலும். எஸ்தர் வண்டிச் சாவியால் சுரண்டினாள். பட்டி பொத்தென்று உதிர்ந்தது.

ஸ்க்ரூவின் தலை தகட்டை விட்டு மேலே வந்திருந்தது. அவள் நகம் இடுக்கில் தாராளமாக நுழைந்தது. அந்தத் தலையில் நட்சத்திர வடிவில் இருக்க வேண்டிய குழி நசுங்கி, ஓரம் தட்டையாகி, தண்டவாளத்தில் வைத்த காசு மாதிரி இருந்தது.

பக்கத்துத் தலையையும் சுரண்டினாள். அதுவும் அப்படியே.

“மாரிசெல்வம், இந்த வரிசையை எதால போட்டீங்க?”

“ஸ்க்ரூவா? அடிச்சோம்.”

“எதாலன்னு கேக்குறேன்.”

“கையாலதான்.”

“கையாலன்னா?”

அவன் வெற்றிலையைக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துத் தூக்கிக் காட்டினான். “வேற எதால அடிப்பாக? தொளையக் கொஞ்சம் பெரிசாப் போட்டு, சோப்பத் தடவி, முக்காவாசி அடிச்சு எறக்கிட்டு, கடேசில நாலு சுத்து முடுக்கி விட்டோம். கதவுக்குக் கீலு மாட்டுறதுலருந்து எங்க தொழிலே அப்பிடித்தான்.”

“ஸ்க்ரூவைச் சுத்தியலால அடிச்சா மரை மரத்தைக் கிழிச்சிரும்ல! பிடியே இருக்காதுல்ல! அது ஆணி மாதிரி வழுக்கிக்கிட்டு வெளிய வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் வரும், திரும்ப உள்ள போகாது!”

“ஏன் கத்துறீக? நீங்கதான அடிக்கச் சொன்னீக?”

“நானா?”

மாரிசெல்வம் செல்போனை எடுத்தான். தேடக்கூட இல்லை. தயாராக வைத்திருந்தவன் போலத் தட்டினான். பதிவில் பின்னால் கான்கிரீட் கலவை இயந்திரம் இரைய, எஸ்தரின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“மாரிசெல்வம், புது மிஷின் வர நாளாகும். மீதி ஸ்க்ரூவைக் கையால அடிச்சிருங்க. தலை தகட்டோட சமமா உக்காரணும். அதான் முக்கியம்.”

இடது வரிசை முடிந்ததுமே ஸ்க்ரூ முடுக்கும் மிஷின் புகைந்து நின்றுபோனது அவளுக்கு நினைவிருந்தது. போடியில் வேறொரு தளத்தில் நின்றுகொண்டு, காதைப் பொத்தியபடி பேசி அனுப்பியதும் நினைவிருந்தது. ஸ்க்ரூப் பெட்டிக்குள்ளேயே நீளக் கைப்பிடி வைத்த முடுக்கி ஒன்று வந்திருந்தது. கையால் என்று அவள் சொன்னது அதை. அடி என்று சொன்னது எல்லாரும் சொல்கிற மாதிரிதான். பெயின்ட் அடி, போன் அடி, ஸ்க்ரூ அடி.

“பெட்டிக்குள்ள முடுக்கி இருந்துச்சே.”

“இருந்துச்சு. அதுல ஒண்ணு எறக்குறதுக்குள்ள தோள்பட்ட கழண்டு போகும். இங்கன மொதலாளி தலைக்கு மேல நின்னு முடி முடிங்குறாக. நீங்க அடிங்குறீக. அடிச்சோம்.” அவன் இளித்தான். “முடுக்குன்னு ஒத்த வார்த்த சொல்லிருந்தா முடுக்கியிருப்போம்.”

அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறான் என்பது அந்த இளிப்பிலேயே இருந்தது. ஆனால் குரல் அவளுடையது.

வாசலில் புல்லட் வந்து நின்றது. செல்லப்பாண்டி உள்ளே வந்தார். அவருக்கு விஷயத்தைச் சொன்னது மாரிசெல்வம்தான், சிரிக்கச் சிரிக்க. செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. போனை வாங்கி அந்தக் குரலை இரண்டு தரம் கேட்டார்.

“இத எனக்கு அனுப்பு” என்றார் மாரிசெல்வத்திடம். பிறகுதான் எஸ்தரைப் பார்த்தார். “சொல்லு தாயி.”

“சார், வலது வரிசை மொத்தத்தையும் கழட்டி, பக்கத்துல புதுத் துளை போட்டு, முறையா முடுக்கணும். அது முடியிற வரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழ ஒருத்தர் உக்காரக் கூடாது. விழாவை வேற எடத்துல வைங்க.”

“நேத்து பூமி ஆடுச்சு. மண்டபம் விழுந்துச்சா?”

“அந்த ஆட்டத்துக்கே ஸ்க்ரூ வெளிய வந்திருக்கு.”

“விழுந்துச்சான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“அப்பறம் என்ன? மரை கழண்டது ஸ்க்ரூவுக்கா, உனக்கா?”

மாரிசெல்வம் வெடித்துச் சிரித்தான். எஸ்தர் பல்லைக் கடித்துக்கொண்டாள். “இன்னொரு ஆட்டம் இன்னைக்கே வருமா, நம்ம ஆயுசுலயே வராதான்னு எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது. ஆனா வந்தா வலது பக்கம் உத்திரத்தை விட்ரும். கீழ பிள்ளைக இருக்கும்.”

செல்லப்பாண்டி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தியபோதுதான் அவர் எவ்வளவு கோபத்தில் இருக்கிறார் என்பது தெரிந்தது.

“எந்தங்கச்சி கல்யாணத்த வாடக மண்டபத்துல வச்சேன். மாப்ள வீட்டாளுக இன்னிக்கு வரைக்கும் அதச் சொல்லிக் காட்டுறாக. வாடக மண்டபத்து மச்சான்னே எனக்குப் பேரு. அவ பிள்ளைகளுக்குக் காது குத்துறது எஞ்சொந்த மண்டபத்துலதான்னு சொல்லித்தான் இதக் கட்டுனேன். தோட்டத்துப் பந்தலுக்குக் கீழ மடிய விரிச்சு உக்காரவா கட்டுனேன்? விழா முடியட்டும். அப்பறம் நீ வந்து எதக் கழட்டணுமோ கழட்டு. அது வரைக்கும் வாயத் தொறக்காத.”

“தொறந்தா?”

அவர் போனை ஆட்டினார். “உன் கொரலு தேனி வரைக்கும் போகும். அப்பறம் உனக்கு மாட்டுக் கொட்டாய் வரையக்கூட எவனும் வர மாட்டான். கெளம்பு.”

வெளியே வந்ததும் எஸ்தர் கட்டட அனுமதி தரும் அரசு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தனக்கும் அந்தக் காதுகுத்துக்கு அழைப்பு வந்திருப்பதாகச் சொன்னார். “நல்ல காரியம் நடக்குற எடம்மா. கழியட்டுமே.”

மிச்சம் இருந்தது ஒரே ஓர் ஆள். பிள்ளைகளைப் பெற்றவள், செல்லப்பாண்டியின் தங்கை ஜோதிலட்சுமி.

அவள் மாமியார் வீடு மார்க்கையன்கோட்டையில். எஸ்தர் அங்கே போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பமே சுருளி அருவிக்குப் போயிருப்பதாக எதிர்வீட்டில் சொன்னார்கள். போனில் அழைத்தால் எடுத்தது யாரோ ஆண். பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார். மறுபடி அழைத்தபோது அவள் எண் தடுக்கப்பட்டிருந்தது. செல்லப்பாண்டி முந்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மேளச் சத்தம் ரோட்டிலேயே கேட்டது. கெடாக்கறி அண்டாக்கள் மண்டபத்துக்குப் பின்னால் கொதித்தன. எஸ்தர் உள்ளே நுழைந்தபோது முதல் ஆளாகப் பார்த்தவன் மாரிசெல்வம்.

“மேடம், சாப்பாட்டுப் பந்தி பின்னால.”

அவனைத் தள்ளிக்கொண்டு நடந்தாள். நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மேடையில் பட்டுப்பாய் விரித்துச் செல்லப்பாண்டி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். வலது வரிசைத் தூணை ஒட்டி, உத்திரத்துக்கு நேர் கீழே. காது குத்தும் ஆசாரி பக்கத்தில் எலுமிச்சம்பழத்தில் ஊசியைக் குத்தி வைத்துக் காத்திருந்தார். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய இரண்டு பிள்ளைகள். பெரியது அழத் தயாராக இருந்தது. சின்னது ஜோதிலட்சுமியின் இடுப்பில்.

“ஜோதியக்கா! பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வெளிய வாங்க. இந்தக் கூரை பிடிமானம் இல்லாம நிக்குது.”

மேளம் நின்றது.

“எவன்டா அவள உள்ள விட்டது?” செல்லப்பாண்டி உட்கார்ந்தபடியே உறுமினார். இரண்டு பேர் எஸ்தரின் கையைப் பிடித்தார்கள். பிடித்த வேகத்தில் வளையல் ஒன்று உடைந்தது.

“விடுங்க” என்றாள் ஜோதிலட்சுமி. “பொம்பளப்பிள்ள மேல கைய வைக்காதீக. யாரு நீ?”

“பேனர்ல பேரு போட்டிருக்கே, அந்த எஸ்தர்.”

“மண்டபம் கட்டுனவளா? கட்டுனவளே வந்து விழும்ங்குறா!” மாப்பிள்ளை வீட்டு வரிசையிலிருந்து ஒரு கிழவர் சத்தமாகச் சொன்னார். “வாடக மண்டபமே தேவலன்னு சொல்றாளா?”

அந்த வரிசை சிரித்தது. செல்லப்பாண்டியின் முகம் கறுத்தது.

“இது நல்ல காரியம் நடக்குற எடம்” என்றாள் ஜோதிலட்சுமி. அவள் குரலிலும் நட்பில்லை. “நீ சொல்றது பொய்யா இருந்துச்சு, ரோடு வரைக்கும் வெளக்கமாத்தாலயே தள்ளிட்டுப் போவேன். எதக் காட்டப் போற, காட்டு.”

“நான் காட்டல. நீங்களே பிடுங்கிப் பாருங்க.”

தூணைத் தரையோடு பிடிக்கும் அடித்தகட்டிலும் அதே ஸ்க்ரூக்கள்தான், முழங்கால் உயரத்தில். எஸ்தர் பையிலிருந்து ஆணி பிடுங்கும் கடப்பாரையை எடுத்தாள். நுனி பிளந்த, முழங்கை நீளக் கம்பி. முதலில் இடது வரிசைத் தூணைக் காட்டினாள். “இது மிஷினால முடுக்கினது. இழுங்க.”

ஜோதிலட்சுமி பிள்ளையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகினாள். தகட்டோடு ஒட்டியிருந்த ஸ்க்ரூத் தலையைப் பிளவுக்குள் கொண்டுவரவே முடியவில்லை. ஒரு வழியாக நுனி மாட்டியது. உடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்தினாள். கம்பி வழுக்கி அவள் கை தூணில் இடித்ததுதான் மிச்சம். ஸ்க்ரூ அசையவில்லை.

“இப்ப இந்தப் பக்கம்.”

வலது வரிசைத் தூண். செல்லப்பாண்டியின் மடிக்கு இரண்டடி தள்ளி. பட்டியைச் சுரண்டியதும் தலை ஏற்கெனவே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜோதிலட்சுமி கம்பியை மாட்டி அழுத்தினாள். முதலில் ஒரு கிறீச். பிறகு சத்தமே இல்லை. ஸ்க்ரூ வந்தது. சுற்றவில்லை, முறுக்கவில்லை, நேராக, வழுக்கிக்கொண்டு வந்தது. மரையில் சோப்பும் மரத்தூளும் கலந்த மாவு அப்பியிருந்தது.

அவள் அடுத்ததையும் இழுத்தாள். அதுவும் வந்தது.

மண்டபத்தில் நாற்காலிகள் கீச்சிட்டன. ஓரத்திலிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள்.

“உக்காருங்க!” செல்லப்பாண்டி எழுந்து மைக்கைப் பிடுங்கினார். “எல்லாரும் உக்காருங்க! இந்தப் புண்ணியவதி என்ன சொல்லிருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. இவ சொல்லித்தான் அடிச்சாங்க. சொல்லிட்டு இப்ப வந்து நாடகம் போடுறா!”

போனை மைக்கோடு ஒட்டினார்.

எஸ்தரின் குரல் எல்லா ஸ்பீக்கரிலும் இரைந்தது. கையால அடிச்சிருங்க. கையால அடிச்சிருங்க. அவர் மறுபடி போட்டார், இன்னும் சத்தமாக.

கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. “நீயே சொல்லிட்டு நீயே வாரியா?” என்றான் ஒருவன். “இவளப் புடிச்சுத் தூணுல கட்டுங்கடா, விழுந்தா மொதல்ல இவ மேல விழட்டும்!” இன்னொரு குரல். யாரோ எறிந்த தண்ணீர் பாட்டில் அவள் தோளில் பட்டுத் தெறித்தது.

“என் குரல்தான்” என்றாள் எஸ்தர். மைக் இல்லாததால் கத்த வேண்டியிருந்தது. “முடுக்குன்னு சொல்லியிருக்கணும். அடின்னு சொன்னேன். என்னை என்ன வேணா செய்யுங்க, வெளிய வச்சுச் செய்யுங்க!”

ஜோதிலட்சுமி கையிலிருந்த ஸ்க்ரூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நசுங்கிய ஸ்க்ரூ. பிறகு அண்ணனை ஏறிட்டாள்.

“அண்ணே, அந்தக் கொரலு ஒங்க போனுக்கு எப்ப வந்துச்சு?”

“எப்பயோ. இப்ப எதுக்கு அது?”

“காமிங்க.”

“ஜோதி, சபைல வச்சு...”

“மேஸ்திரி அண்ணே!” அவள் மாரிசெல்வத்தைப் பார்த்தாள். “நீங்க சொல்லுங்க. எப்ப அனுப்புனீக?”

மாரிசெல்வம் முதல்முறையாக வாயிலிருந்ததைத் துப்ப இடம் தேடினான். “வெள்ளிக்கெழம கேட்டாக. அனுப்புனேன்.”

செல்லப்பாண்டியின் கையில் மைக் இன்னும் திறந்தே இருந்தது. அவர் மூச்சு விட்டது மண்டபம் முழுக்கக் கேட்டது. எஸ்தரைக் குத்த எடுத்த கத்தி எங்கே பாய்ந்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

“அப்ப ஒங்களுக்குத் தெரியும்” என்றாள் ஜோதிலட்சுமி. “இவ வந்து சொல்லிருக்கா. சுத்தியலால அடிச்சதுன்னு தெரிஞ்சேதான் எம்பிள்ளைகள இதுக்கு நேரு கீழ, ஒங்க மடில வச்சுக்க இருந்தீக.”

“ஒண்ணும் ஆகாதுடி! நாந்தான உக்காந்திருக்கேன்! எம்மேலயும்தான விழும்!”

“ஒங்க மேல விழுறதும் விழாததும் ஒங்க பிரியம்.”

சின்னதை வாங்கி இடுப்பில் வைத்தாள். பெரியதின் கையைப் பிடித்தாள். “ஆசாரி, தட்ட எடுத்துக்கிட்டு வாங்க. பந்தலுக்குக் கீழ வச்சுக் குத்துவோம்.”

“தாய்மாமன் மடி இல்லாம எப்பிடிம்மா...” ஆசாரி இழுத்தார்.

“வந்தா அவரு மடி. வராட்டி எங்க சித்தப்பா மகன் இருக்கான். அவனும் மாமன்தான்.”

அது போதுமானதாக இருந்தது. கூட்டம் அவளைப் பின்தொடர்ந்து வெளியேறியது. மாப்பிள்ளை வீட்டார் சிரித்துக்கொண்டே போனார்கள். அந்தக் கிழவர் மட்டும் நின்று, “மச்சான், பந்தலுக்கு வாடக உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மாரிசெல்வம் எந்த வழியாகப் போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

வாசலைக் கடக்கும்போது ஜோதிலட்சுமி எஸ்தர் முன்னால் நின்றாள். பாட்டில் தண்ணீரில் நனைந்திருந்த தோளைப் பார்த்தாள்.

“நல்லது செஞ்சுட்டோம்னு நெனைக்காத” என்றாள். “ஒன் வாயால ஒரு வார்த்த ஒழுங்கா வந்திருந்தா எங்கண்ணன் மடில இன்னிக்கு எம்பிள்ளைக இருக்கும். பந்தில ஒன் கை நனையக் கூடாது. போயிரு.”

எஸ்தர் தலையாட்டினாள். போகவில்லை.

ஏனென்றால் மண்டபம் காலியாகவில்லை. செல்லப்பாண்டி மறுபடி பட்டுப்பாயில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். அதே தூணடியில். வெற்று மடியில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு.

“வெளிய வாங்க சார்.”

“எம்மண்டபம். நான் உக்காருவேன்.”

“நீங்க வர்ற வரைக்கும் நானும் இங்கதான் நிப்பேன்.”

“நில்லு. ரெண்டு பேரு மேலயும் விழட்டும். எனக்குச் சந்தோசம்தான்.”

அவள் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவளும் அவரைப் பார்க்காமல் தலைக்கு மேலிருந்த உத்திரத்தையே பார்த்தாள். வெளியே திராட்சைப் பந்தலுக்குக் கீழே யாரோ பாயை உதறினார்கள். யாரோ மேளக்காரரைக் கூப்பிட்டார்கள். ‘மாமன் எங்க, மாமன் எங்க’ என்று ஒரு பெண்குரல் கேட்டது.

மேளம் கெட்டிமேளமாக வெடித்தது. அதையும் மீறி வீறிட்டு எழுந்தது ஒரு குழந்தையின் அலறல். வேறொருவன் மடியில், பெரியதுக்குக் குத்திவிட்டார்கள்.

செல்லப்பாண்டி பாயைக் கையால் ஊன்றி எழுந்தார். வேட்டி தடுக்கித் தடுமாறி, சமாளித்து, வாசலை நோக்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். சின்னது இன்னும் பாக்கி.

எஸ்தரைத் தாண்டும்போது அவள் காலடியில் காறித் துப்பினார்.

எஸ்தர் அவர் வெளியே கால் வைக்கும் வரை காத்திருந்து, தானும் வெளியேறி, மண்டபக் கதவின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.